வானொலிக் கேள்வி நேரம்: கெயினை யார் கையில் விடுவது?

கம்ப்யூட்டரில் செருகி ரேடியோ கேட்கும் டாங்கிள் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: ஏ.ஜி.சி. வரும் சிக்னலின் பலத்துக்குத் தகுந்தபடி ரிசீவரின் பெருக்கத்தை, அதாவது கெயினை, தானாகவே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு அது. இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

மொட்டைமாடியில் ஆண்டெனா வைத்து எட்டு பிட் டாங்கிளில் கேட்கிறேன். ஏ.ஜி.சி. பெட்டியில் டிக் போட்டால் எஃப்.எம். பகுதி முழுக்க நிலையங்கள் முளைக்கின்றன. ஒரே பாட்டு நாலைந்து இடத்தில் கேட்கிறது. டிக்கை எடுத்தால் பலவீனமான நிலையங்கள் போய்விடுகின்றன. டாங்கிள் பழுதா?
— கல்லூரி மாணவர், மயிலாப்பூர், சென்னை

பழுதில்லை தம்பி. நல்ல டாங்கிளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

என் அப்பா கோவில்பட்டியில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகக் கடைக்குத்தான் போவேன். ஒரு டிரான்சிஸ்டர் செட்டைச் சரிசெய்து முடித்ததும் அப்பா ஒரு சோதனை வைப்பார். முதலில் பக்கத்து நிலையத்தைப் பிடிப்பார். அப்புறம் வால்யூமைத் தொடாமல் முள்ளை நகர்த்தி, தூரத்தில் இருக்கிற ஒரு நிலையத்துக்குப் போவார். இரண்டும் ஏறக்குறைய ஒரே சத்தத்தில் கேட்டால் செட்டைத் துடைத்து அலமாரியில் வைப்பார். பக்கத்து நிலையம் வந்ததும் குரல் நசுங்கினாலோ ஊளையிட்டாலோ, பேசாமல் சாலிடரிங் அயர்னை எடுத்து 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றை மாற்றுவார். அதுதான் ஏ.ஜி.சி. கண்டென்சர்.

அந்தச் செட்டுகளில் ஏற்பாடு எளிமையானது. ஓ.ஏ.79 டயோடு சிக்னலிலிருந்து ஒலியைப் பிரிக்கும்போது, நிலையத்தின் பலத்துக்கு ஏற்ற ஒரு டி.சி. வோல்டேஜும் கூடவே கிடைக்கும். அதை ஒரு ரெசிஸ்டரும் அந்தக் கண்டென்சரும் சேர்ந்து சீராக்கி, முதல் ஐ.எஃப். (இடைநிலை அலைவெண்) டிரான்சிஸ்டரான பி.எஃப்.194-க்குத் திருப்பி அனுப்பும். நிலையம் பலமாக இருந்தால் அந்த டிரான்சிஸ்டரின் பெருக்கம் குறையும். அவ்வளவுதான். கண்டென்சர் காய்ந்து போனால் சீராக்க ஆளில்லாமல் பாட்டின் ஏற்ற இறக்கமே கெயினை ஆட்டத் தொடங்கும். குரல் நசுங்கியது அதனால்தான்.

உங்கள் டாங்கிளில் நடுவே புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. அலையை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி. மரக்காலில் நெல் அளப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்பைத் தாண்டி வழிந்த நெல் எவ்வளவு என்று மரக்கால் சொல்லாது. அடியில் ஒரு சிட்டிகை கடுகைப் போட்டால் அதையும் சொல்லாது. எட்டு பிட் ஏ.டி.சி. என்பது 256 கோடுகள் போட்ட மரக்கால். சிக்னல்களின் பலத்தை ஒப்பிடும் அளவு டெசிபெல்; ஒரு பிட்டுக்கு சுமார் 6 டெசிபெல் என்று கணக்கு. எட்டு பிட்டுக்கு 50 டெசிபெல்லுக்குப் பக்கம் வரும். ஆண்டெனாவிலோ பலமான நிலையத்துக்கும் முணுமுணுக்கும் நிலையத்துக்கும் 100 டெசிபெல் வித்தியாசம் இருப்பது சாதாரணம். மின்திறனில் பார்த்தால் அது ஆயிரம் கோடி மடங்கு.

ஆக, டிஜிட்டல் ரிசீவரில் ஏ.ஜி.சி. என்பது ஒன்றல்ல, குறைந்தது இரண்டு. எண்ணாக மாறுவதற்கு முன்னால் நின்று மரக்கால் வழியாமல் காப்பது ஒன்று. எண்ணாக மாறிய பிறகு, நம் காதுக்கு ஒரே சத்தம் வரும்படி பெருக்குவது இன்னொன்று. இரண்டாவது தப்பு செய்தால் காது வலிக்கும், திருத்திக்கொள்ளலாம். முதலாவது தப்பு செய்தால் வழிந்தது வழிந்ததுதான். அதற்குப் பின்னால் எவ்வளவு கெட்டிக்காரக் கணக்குப் போட்டாலும் அது திரும்பி வராது. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். உங்கள் மென்பொருளில் ட்யூனருக்கு ஒரு டிக்கும், சிப்புக்கு ஒரு டிக்கும், ஒலிக்கு ஒரு டிக்கும் இருக்கும். ட்யூனருடையது மட்டும்தான் எண்ணாகும் முன் வேலை செய்வது. சிப்புக்கான டிக், எண்ணான பிறகு பெருக்குவது. அதைப் போட்டு நான் பலன் கண்டதில்லை.

சரி, பேய் நிலையங்கள் எங்கிருந்து வருகின்றன? ட்யூனரின் முதல் பெருக்கி நீங்கள் கேட்கும் அலைவரிசையை மட்டும் பார்ப்பதில்லை. அக்கம்பக்கத்தில் இருக்கிற எல்லாமே அதற்குள் நுழைகின்றன. உங்கள் ஊரில் 93.5-ம் 98.3-ம் பலமானவை. பெருக்கி திணறும்போது இவை இரண்டும் அதற்குள் கலந்து, 98.3-இன் இருமடங்கிலிருந்து 93.5 போக 103.1-லும், 93.5-இன் இருமடங்கிலிருந்து 98.3 போக 88.7-லும் போலி நிலையங்களை உண்டாக்கும். நீங்கள் காலியான ஓர் இடத்தில் ட்யூன் செய்திருக்கிறீர்கள். வேண்டிய அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் ஃபில்டருக்குப் பின்னால் நின்று ஏ.ஜி.சி. அளந்தால், "இங்கே ஒன்றும் இல்லையே" என்று கெயினை ஏற்றிக்கொண்டே போகும். ஃபில்டருக்கு முன்னால் இருக்கிற பெருக்கி பக்கத்து நிலையங்களின் பாரத்தில் நசுங்குவது அதற்குத் தெரியாது. ஏ.ஜி.சி. எந்த இடத்தில் நின்று அளக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால்தான் நல்ல ரிசீவர்களில் ஃபில்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு இடத்தில் அளப்பார்கள்.

பேயை அடையாளம் காண ஒரு வழி உண்டு. ஆண்டெனா பக்கத்தில் 3 டெசிபெல் குறைத்துப் பாருங்கள். உண்மையான நிலையம் 3 டெசிபெல் இறங்கும். இப்படிக் கலந்து பிறந்த போலி சுமார் 9 டெசிபெல் இறங்கும். திரையில் கண்ணாலேயே பார்க்கலாம்.

அப்புறம் ட்யூனர் டிக்கை எடுத்துவிட்டு, கெயினைக் கையால் வையுங்கள். ஆர்820டி ட்யூனர் உள்ள டாங்கிளில் 0 முதல் 49.6 டெசிபெல் வரை 29 படிகள் உண்டு. பலவீனமான ஒரு நிலையத்தைத் திரையில் வைத்துக்கொண்டு கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏறுங்கள். தொடக்கத்தில் இரைச்சல் மட்டத்திலிருந்து நிலையத்தின் உயரம் வளரும். ஓர் இடத்துக்கு மேல் நிலையமும் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஏற்றுவதில் லாபம் கிடையாது, நஷ்டம் மட்டும்தான். முதன்முதலில் டாங்கிள் வாங்கியபோது கெயினை முழுக்க ஏற்றி வைத்துவிட்டு, இரண்டு வாரம் ஆண்டெனாவையும் கேபிளையும் மாற்றி மாற்றிக் கட்டினேன். கடைசியில் கெயினைப் பதினைந்து டெசிபெல் இறக்கியதும் எல்லாம் தெளிந்தது. அந்த இரண்டு வாரம் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

"எட்டு பிட் என்றால் 50 டெசிபெல்லுக்குக் கீழே எதுவுமே கேட்காதா?" என்று அடுத்து கேட்பீர்கள். கேட்கும். விநாடிக்கு 24 லட்சம் மாதிரிகள் எடுத்து, அதிலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை மட்டும் பிரித்தால் மீதி இரைச்சல் வெளியே போய்விடும். 240-இல் ஒரு பங்கு. 24 டெசிபெல் லாபம். ஆனால் வழிதலுக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஹாம்கள் (பொழுதுபோக்கு வானொலியாளர்கள்) 7 மெகாஹெர்ட்ஸில் எஸ்.எஸ்.பி. முறையில் பேசுவதைக் கேட்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இரைச்சல் குபுகுபுவென்று மேலே வருகிறது. ஏ.ஜி.சி.க்கு வேகம், மெதுவு என்று இரண்டு நிலை இருக்கின்றன. எதை வைப்பது?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சங்கரன்கோவில்

மெதுவு வையுங்கள், ஐயா. காரணத்தையும் சொல்கிறேன்.

மத்திய அலை நிலையம் பாடினாலும் பாடாவிட்டாலும் அதன் கேரியர், அதாவது ஒலியைச் சுமந்து வரும் அலை, நிலையாக நிற்கும். ஏ.ஜி.சி. அதைப் பிடித்துக்கொண்டு நடக்கும். எஸ்.எஸ்.பி.யில் கேரியர் கிடையாது. பேசுகிறவர் மூச்சு வாங்கினால் சிக்னலே இல்லை. ஆள் போய்விட்டார் என்று நினைத்து ஏ.ஜி.சி. கெயினை ஏற்றும், இரைச்சல் மேலே வரும். மறுபடி பேச வாயெடுத்ததும் முதல் எழுத்து 'டப்' என்று அடிக்கும்.

அதனால் குறைப்பதற்கு ஒரு வேகமும் ஏற்றுவதற்கு ஒரு வேகமும் வேண்டும். சிக்னல் பெரிதாக வந்தால் ஓரிரண்டு மில்லிவிநாடியில் குறைத்தாக வேண்டும். சிக்னல் போனபிறகு ஏற்றுவதை நிதானமாக, ஒன்றிரண்டு விநாடி எடுத்துச் செய்யலாம். இன்னும் நல்ல ஏற்பாடு, அரை விநாடியோ ஒரு விநாடியோ கெயினை அப்படியே பிடித்து வைத்திருந்து, அதற்குப் பிறகும் பேச்சு வரவில்லை என்றால் மட்டும் ஏற்றுவது. உங்கள் மென்பொருளில் 'ஹேங்' என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

ஆனால் ஐப்பசி மாதம் மெதுவு உங்களைச் சோதிக்கும். நம் பக்கம் இடி மழை பிடித்துக்கொண்டால் ஒவ்வொரு மின்னலுக்கும் 'படார்' என்று ஒரு வெடிப்பு கேட்கும். ஏ.ஜி.சி. அதைப் பெரிய சிக்னல் என்று எடுத்துக்கொண்டு கெயினைச் சட்டென்று குறைக்கும். திரும்ப ஏற இரண்டு விநாடி. அதற்குள் பேசுகிறவர் தன் ஊர்ப் பெயரைச் சொல்லி முடித்திருப்பார். அந்த நாட்களில் வேகத்துக்கு மாற்றுங்கள். இன்னும் நல்லது, ஏ.ஜி.சி.யையே அணைத்துவிட்டு ஆர்.எஃப். கெயினை, அதாவது ஆண்டெனா பக்கத்துக் கெயினை, இறக்கி வைத்துக் கேட்பது. இரைச்சல் வெகுவாக அடங்கும். முப்பது வருடமாக நான் மழைக்காலத்தில் அப்படித்தான் கேட்கிறேன்.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக ஏ.ஜி.சி.யை நானே நிரலாக எழுதுகிறேன். பலமான சிக்னல் வந்தால் கெயின் ஊஞ்சல் ஆடுகிறது. பலவீனமானதற்கு ஏறவே நேரமாகிறது. ஒரே நிரல் எப்படி இரண்டு விதமாக நடக்கும்?
— பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்

நீங்கள் வேண்டிய மட்டத்திலிருந்து சிக்னலின் அளவை நேரடியாகக் கழித்து, அந்த வித்தியாசத்தைக் கெயினோடு கூட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதுதான் வினை. பெரிய சிக்னலில் சின்னத் தவறுகூடப் பெரிய எண்ணாகத் தெரியும். சின்னச் சிக்னலில் பெரிய தவறுகூடச் சின்ன எண்ணாகத்தான் தெரியும். மடக்கைக்கு மாறுங்கள், மகளே. ஒவ்வொரு மாதிரிக்கும் கிடைக்கும் ஐ, க்யூ என்ற இரண்டு எண்களின் வர்க்கங்களையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதை டெசிபெல்லாக மாற்றுங்கள். வேண்டிய மட்டத்திலிருந்து அதைக் கழியுங்கள். அந்தத் தவறில் ஒரு சிறு பங்கை, டெசிபெல்லிலேயே வைத்திருக்கும் கெயினோடு கூட்டுங்கள். பெருக்கும் நேரத்தில் மட்டும் சாதாரண எண்ணாக மாற்றினால் போதும். இப்போது 10 டெசிபெல் தவறு என்றால் சிக்னல் எந்த உயரத்தில் இருந்தாலும் அது 10 டெசிபெல் தவறுதான். வேகம் ஒரே மாதிரி வரும்.

அந்தச் சிறு பங்கை இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்: குறைக்கப் பெரியது, ஏற்றச் சிறியது. கெயினுக்கு ஓர் உச்ச வரம்பு கட்டாயம் வையுங்கள். இல்லாவிட்டால் நிசப்தத்தில் இரைச்சல் நிலையத்தின் சத்தத்துக்கு ஏறிவிடும். ஃபில்டருக்கு முன்னால் பெருக்கி, பின்னால் அளக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஃபில்டரின் தாமதம் அந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால், பங்கைச் சிறிதாக்காமல் ஊஞ்சல் நிற்காது.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அப்பாவின் செட்டால் செய்யவே முடியாதது இது. அங்கே சிக்னல் வந்து அடித்த பிறகுதான் ஏ.ஜி.சி.க்குத் தெரியும். நீங்கள் எண்களோடு வேலை செய்கிறீர்கள். விநாடிக்கு 12,000 மாதிரி என்றால், 60 மாதிரிகளை ஒரு வரிசையில் நிறுத்தி வையுங்கள்; 5 மில்லிவிநாடி. அளவை வரிசையின் வாசலில் எடுங்கள், கெயினைக் கடைசியில் போடுங்கள். பெரிய அடி ஒன்று வருவது 5 மில்லிவிநாடி முன்னாலேயே தெரிந்து, அது வந்து சேர்வதற்குள் கெயின் மெல்ல இறங்கி நிற்கும். 'டப்' சத்தமே கேட்காது. இந்தத் தாமதம் காதுக்குத் தெரியவும் தெரியாது.

வன்பொருள் கெயினையும் நிரலிலிருந்து மாற்றுகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். இறக்கும் கோடும் ஏற்றும் கோடும் ஒன்றாக இருக்கக் கூடாது. முழு அளவுக்கு 3 டெசிபெல் கீழே வந்ததும் இறக்கினால், ஏற்றுவதை 15 டெசிபெல் கீழே போன பிறகு செய்யுங்கள். இல்லாவிட்டால் இரண்டு படிக்கும் நடுவே தாவிக்கொண்டே இருக்கும். முன்னால் 6 டெசிபெல் இறக்கிய அதே கணத்தில் பின்னால் 6 டெசிபெல் ஏற்றுங்கள். அந்த மாற்றம் எண்களாக உங்களிடம் வந்து சேர ஆகும் தாமதத்தையும் கணக்கில் சேருங்கள். தப்பினால் ஒவ்வொரு படிக்கும் ஒரு 'க்ளிக்' கேட்கும்.

விமானங்கள் அனுப்பும் 1090 மெகாஹெர்ட்ஸ் தகவலைப் பிடிக்க ஏ.ஜி.சி. வேண்டுமா?
— வாசகர், திருச்சி

வேண்டாம். ஒரு தகவல் முழுதும் 120 மைக்ரோவிநாடியில் முடிந்துவிடும். ஒவ்வொரு துடிப்பும் அரை மைக்ரோவிநாடிதான். ஏ.ஜி.சி. விழித்துப் பார்ப்பதற்குள் அது போயிருக்கும், அடுத்தது வேறொரு விமானத்தினுடையது. 300 கிலோமீட்டர் தூரத்து விமானத்துக்கும் 3 கிலோமீட்டர் தூரத்து விமானத்துக்கும் வித்தியாசம் சுமார் 40 டெசிபெல். உங்கள் எட்டு பிட்டுக்குள் ஒருவழியாக அடங்கிவிடும். ஒரே கெயினில் வைத்துவிடுங்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு என்றால் ஒன்றிரண்டு படி குறையுங்கள்.

அதே சமயம் வைஃபை பாருங்கள், அங்கே ஏ.ஜி.சி.க்கென்றே நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாக்கெட்டின் தொடக்கத்திலும் 0.8 மைக்ரோவிநாடித் துண்டு ஒன்று பத்து முறை திரும்பத் திரும்ப வரும். மொத்தம் 8 மைக்ரோவிநாடி. அதற்குள் ரிசீவர் சிக்னலைக் கண்டுகொண்டு, கெயினைச் சரிசெய்து, தயாராகிவிட வேண்டும்.

காரில் டி.ஆர்.எம். டிஜிட்டல் வானொலி கேட்கிறேன். மேம்பாலத்துக்கு அடியில் போனால் ஒலி முழுசாக நின்றுவிடுகிறது. பழைய ஏ.எம். ஆக இருந்தால் கரகரத்தாலும் கேட்கும். ஏ.ஜி.சி. ஏன் காப்பாற்றவில்லை?
— வாசகி, விழுப்புரம்

ஏ.ஜி.சி. சிக்னலை ஏற்றும்போது கூடவே இரைச்சலையும் அதே அளவுக்கு ஏற்றுகிறது. ஆண்டெனாவில் இரண்டுக்கும் இருந்த இடைவெளியை அதனால் ஒரு டெசிபெல்கூடக் கூட்ட முடியாது. ஏ.எம்.மில் இடைவெளி குறைந்தால் நம் காதே கரகரப்பிலிருந்து சொல்லைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். டி.ஆர்.எம்.மில் இடைவெளி ஒரு கோட்டுக்குக் கீழே போனால் பிழைதிருத்தும் கணக்கு கைவிட்டுவிடும். அங்கே ஒலி நின்றுவிடுகிறது. பாலம் தாண்டியும் உடனே வராது. ஒரு ஃபிரேம், அதாவது ஒரு தகவல் கட்டு, 400 மில்லிவிநாடி. தகவலைப் பல ஃபிரேம்களில் கலைத்துப் பரப்பி அனுப்பினால், சேர்த்தெடுக்க அதைவிட நேரமாகும்.

இன்னொன்றும் உண்டு. டி.ஆர்.எம். பெரும்பாலும் 64 புள்ளிகள் கொண்ட பண்பேற்றத்தில் வருகிறது. அங்கே அலையின் உயரமே ஒரு செய்தி. ஒரு குறியீடு 26.66 மில்லிவிநாடி நீளம். அதற்குள் ஏ.ஜி.சி. கெயினை ஆட்டினால் புள்ளிகள் இடம் மாறிவிடும், ரிசீவர் தப்பாகப் படிக்கும். அதனால் இங்கே ஏ.ஜி.சி.யை வேண்டுமென்றே நிதானமாக வைப்பார்கள்.

ஏ.ஜி.சி.யை முதலில் கண்டுபிடித்தது யார்?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, தூத்துக்குடி

ஹரால்டு வீலர் என்ற அமெரிக்கர், 1925-இல். அதற்கு முன்னால் முள்ளை நகர்த்தும்போது பலமான நிலையம் வந்தால் வீடே அதிரும். ஓடிப்போய் வால்யூமைக் குறைக்க வேண்டும். 1929-இல் வந்த ஃபில்கோ 95 என்ற ரேடியோவில் இது இருந்தது. நன்றாகக் கேட்டிருக்கிறாய், இன்னும் கேள்.

தாத்தாவின் வால்வு ரேடியோவில் ஒரு பச்சைக் கண் இருக்கிறது; நிலையம் பிடித்ததும் சுருங்குகிறது. என் டாங்கிளில் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் ஓடுகிறது. இரண்டும் ஒன்றுதானா?
— வாசகர், காரைக்குடி

உறவுதான். பச்சைக் கண்ணை மூடவைப்பது ஏ.ஜி.சி.யின் வோல்டேஜ். வால்வுகளின் கெயினைக் குறைக்க அனுப்பும் அதே வோல்டேஜை அந்தக் கண்ணுக்கும் ஒரு கம்பி இழுத்துக் கொடுத்திருப்பார்கள். கெயினை எவ்வளவு குறைக்க வேண்டியிருந்தது என்பதே நிலையத்தின் பலம். பழைய ரிசீவர்களில் எஸ் மீட்டரின் முள்ளும் இதே வோல்டேஜில்தான் ஆடியது.

சிற்றலைக்கு எஸ் 9 என்றால் 50 ஓம் ஆண்டெனாவில் 50 மைக்ரோவோல்ட். அதாவது ஒரு மில்லிவாட்டுக்கு 73 டெசிபெல் கீழே. ஒவ்வொரு எஸ் படியும் 6 டெசிபெல். உங்கள் டாங்கிளில் இது எண்களிலிருந்து கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்கிலிருந்து ட்யூனரின் கெயினைக் கழித்தால்தான் ஆண்டெனாவில் வந்தது எவ்வளவு என்று தெரியும். பல மென்பொருள்கள் கழிப்பதில்லை. கெயினை 10 டெசிபெல் ஏற்றிப் பாருங்கள். நிலையம் அதேதான், மீட்டர் மட்டும் 10 டெசிபெல் ஏறினால் உங்களுடையது கழிக்காத ரகம். அப்படியானால் கெயின் எத்தனையில் இருந்தது என்பதையும் குறிப்பேட்டில் எஸ் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

தாத்தாவின் ரேடியோவில் அந்தக் கண் இன்னும் பச்சையாக எரிகிறது என்றால் அது பெரிய விஷயம். தேவையில்லாத நேரத்தில் அணைத்து வையுங்கள். எரிய எரிய அதன் வெளிச்சம் மங்கிக்கொண்டே போகும்.